‘என்ன மாப்ள, புளிக்குது?’ - பட்ஜெட் ஸ்பானிஷ் வெள்ளை ஒயினை மதுரை நாக்கு புரிந்துகொள்வது எப்படி?

அவனியாபுரம் என்றதும் தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால், மதுரை நகருக்குள்ளிருந்து விமான நிலையம் போகிறவர்களும் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். துபாய், கொழும்பு விமானங்களில் வந்து இறங்குபவர்களின் பைகளில் சாக்லேட், பெர்ஃப்யூம் வரிசையில் இப்போது ஒயின் பாட்டிலும் எட்டிப் பார்க்கிறது. “ஸ்பெயின் ஒயின், நல்ல ஆஃபர்ல கிடைச்சது” என்று வாங்கி வருவதில் வெள்ளை ஒயினும் உண்டு.

அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். வாங்கி வந்தவர் பெருமையாகத் திறப்பார். முதல் வாய் குடித்த நண்பர் முகத்தைச் சுளிப்பார். “என்ன மாப்ள, புளிக்குது? கெட்டுப்போச்சா?” அடுத்த நிமிடம் அதில் எலுமிச்சை சோடா கலக்கப்படும். பாட்டில் பாதியோடு ஃபிரிட்ஜின் கதவில் போய் உட்கார்ந்துவிடும்.

உண்மையில் அந்த ஒயின் கெட்டுப்போயிருந்ததா? ‘மலிவு’ என்று சொல்லப்படும் அந்தப் பாட்டில் நிஜமாகவே மலிவா? கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘மலிவு’ யாருக்கு?

ஸ்பெயினின் சூப்பர் மார்க்கெட்டுகளில் 4 முதல் 6 யூரோவுக்குத் தரமான வெள்ளை ஒயின் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 400 முதல் 600 ரூபாய். அங்கே அது அன்றாடச் சாப்பாட்டோடு வைக்கும் ஒயின். விசேஷ நாளுக்கென்று எடுத்து வைப்பது அல்ல.

அதே பாட்டில் இந்தியத் துறைமுகத்தைத் தொட்டதும் கணக்கு மாறுகிறது. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா விதித்துவந்த மொத்தச் சுங்க வரி 150 சதவீதம். இதில் 50 சதவீதம் அடிப்படைச் சுங்க வரி. மீதி 100 சதவீதம், 2021 பட்ஜெட்டில் கொண்டுவரப்பட்ட வேளாண் உள்கட்டமைப்பு வரி.

எளிய கணக்கு இது. 400 ரூபாய் மதிப்போடு வந்து இறங்கும் பாட்டிலுக்கு வரி மட்டும் 600 ரூபாய். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே அது 1,000 ரூபாய். அதன் மேல் இறக்குமதியாளரின் லாபம், கிடங்கு வாடகை, லாரிச் செலவு, மாநில வரிகள் எல்லாம் ஏறும். மதுபானம் ஜி.எஸ்.டி வரம்புக்குள் வராது என்பதால், ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்குப்படி வரி போடும். ஒரே பாட்டில் கோவாவில் ஒரு விலை, பெங்களூருவில் ஒரு விலை, மதுரையில் ஒரு விலை என்று விற்பதற்கு இதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம். இறக்குமதிச் சரக்குகளை எலைட் கடைகளில் பார்க்கலாம். அங்கே ஒயினுக்கு இருப்பது சின்ன இடம்தான். அதிலும் சிவப்பு ஒயின் போக, வெள்ளைக்குச் சில பாட்டில்கள் இருந்தாலே பெரிய விஷயம்.

ஆகவே, கையிலிருந்து போகும் பணத்தில் பெரும்பகுதி ஒயினுக்குப் போவதில்லை. விலை அதிகமாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் உசத்தி என்று நினைக்க வேண்டியதில்லை. அது அங்கே 400 ரூபாய் பாட்டிலாகவே இருந்திருக்கலாம்.

ஏர்போர்ட் வழியே வந்தால்?

வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுபானத்தைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். ஒயின் பாட்டில் ஒன்றின் அளவு 750 மில்லி. இரண்டு பாட்டில் என்றால் ஒன்றரை லிட்டர், பிரச்சினை இல்லை. மூன்றாவது பாட்டிலை எடுத்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். ‘மூணு வாங்குனா ஆஃபர்’ என்ற போர்டைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் இந்தக் கால் லிட்டர் கணக்கை மறந்துவிடுகிறார்கள். அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும்.

ஐரோப்பிய ஒப்பந்தத்தால் விலை குறையுமா?

இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான தாராள வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாக 2026 ஜனவரி 27 அன்று அறிவிக்கப்பட்டது. அதன்படி, ஐரோப்பிய ஒயின் மீதான 150 சதவீத வரி படிப்படியாகக் குறையும். விலை உயர்ந்த ரகங்களுக்கு 20 சதவீதம், நடுத்தர ரகங்களுக்கு 30 சதவீதம் என்பது இலக்கு. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு கோடு இருக்கிறது. 2.5 யூரோவுக்கும் கீழே உள்ள ஒயினுக்கு இந்தச் சலுகை கிடையாது. அடிமட்ட விலையில் ஐரோப்பிய ஒயின் வந்து குவிந்தால் நாசிக், பெங்களூரு பக்கத்து ஒயின் தயாரிப்பாளர்களும் அவர்களை நம்பியிருக்கும் திராட்சை விவசாயிகளும் அடிபடுவார்கள் என்பதால் வைக்கப்பட்ட தடுப்பு அது. 400 ரூபாய் பாட்டில் இந்தக் கோட்டுக்கு மேலே வருகிறது. 30 சதவீத வரி என்றால் 120 ரூபாய். துறைமுகத்தில் 1,000 ரூபாயாக இருந்தது 520 ரூபாய் ஆகும். மாநில வரி அப்படியே இருக்கும் என்பதால், கடை விலை அதே வேகத்தில் இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஸ்பெயினில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

உலகிலேயே அதிகப் பரப்பில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நாடு ஸ்பெயின். 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். அதில் பெரும்பங்கு நாட்டின் நடுவே இருக்கும் லா மான்ச்சா சமவெளியில் இருக்கிறது. மழை குறைவு, வெயில் கடுமை, மண் வறட்சி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மானாவாரி பூமி.

அங்கே ‘ஐரென்’ என்ற வெள்ளைத் திராட்சையை, தண்ணீருக்குப் போட்டி வராதபடி செடிக்குச் செடி நல்ல இடைவெளி விட்டு நட்டார்கள். பரப்பளவில் ஒரு காலத்தில் உலகின் நம்பர் ஒன் திராட்சை ரகமாக இருந்தது இதுதான். காற்று வறண்டிருப்பதால் பூஞ்சை நோய் குறைவு. மருந்துச் செலவும் குறைவு. நிலம் மலிவு, விளைச்சல் பெரிது. ஐரெனுக்கென்று தனி மணம் பெரிதாக இருக்காது. பிராந்தி வடிக்கவும் அதிகம் போகிறது. ஆனாலும் விலை குறைந்த, லேசான வெள்ளை ஒயினுக்கு இந்தச் சமவெளிதான் அடித்தளம்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, வருடத்தை. பட்ஜெட் வெள்ளை ஒயின் இளசாகக் குடிக்கத்தான் தயாரிக்கப்படுகிறது. ‘பழசாக ஆக நல்லா இருக்கும்’ என்பது மிகச் சில, விலை உயர்ந்த ஒயின்களுக்கு மட்டுமே பொருந்தும். லேபிளில் ‘கொசெச்சா’ என்ற சொல்லோடு இருப்பது அறுவடை ஆண்டு. அதிலிருந்து ஒன்று, இரண்டு வருடத்துக்குள் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். நான்கைந்து வருடம் தாண்டியிருந்தால், கடைக்காரர் தள்ளுபடி தந்தாலும் யோசிக்க வேண்டும்.

அடுத்து, சில சொற்கள். ‘பிளாங்கோ’ என்றால் வெள்ளை. ‘டிண்டோ’ சிவப்பு. ‘செக்கோ’ என்றால் இனிப்பு இல்லாதது. ‘துல்ஸே’ இனிப்பு. ‘ஹோவென்’ என்றால் இளசு, அதாவது மரப் பீப்பாயில் அதிகம் ஊறாதது. ‘பர்ரிகா’ என்று இருந்தால் பீப்பாயில் இருந்திருக்கிறது. ‘தெனோமினசியோன் தெ ஒரிஹென்’ என்ற நீளமான வார்த்தை, இன்ன ஊரில் இன்ன விதிப்படி செய்தது என்பதற்கான முத்திரை. மதுரை மல்லிக்கு 2013-ல் கிடைத்த புவிசார் குறியீட்டைப் போன்ற ஏற்பாடு.

லேபிளில் இருக்கும் அலங்காரத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. டோரெஸ் நிறுவனம் 1954 முதல் விற்றுவரும் ‘சங்ரே தெ தோரோ’ பாட்டிலின் கழுத்தில் குட்டி பிளாஸ்டிக் காளை ஒன்று தொங்கும். பெயருக்கு ‘காளையின் ரத்தம்’ என்று அர்த்தம். சிவப்பு ஒயினாகப் பிரபலமான அந்தப் பெயரில் வெள்ளை ஒயினும் வருகிறது. அவனியாபுரத்துக்காரர் யாரும் அந்தக் காளைக்காகவே பாட்டிலைக் கையில் எடுத்துவிடுவார். ஆனால், உள்ளே இருப்பது எப்படி என்று அந்தக் காளை சொல்லாது. வருடம் சொல்லும்.

வெள்ளை ஒயினின் எதிரி சூடு

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையின் வெயில் 40 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. வெள்ளை ஒயினுக்கு இது தாங்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் விட்டுவிட்டாலே அதன் புது வாசனை போய்விடும். வேகவைத்த பழம் போன்ற மந்தமான மணம் வரும். நிறமும் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு நகரும்.

இதை ஸ்பெயின்காரர்களும் அறிவார்கள். வெள்ளை ஒயினுக்குப் பேர்போன ருவேதா பகுதியில் திராட்சையை ராத்திரியில்தான் அறுவடை செய்கிறார்கள். பகல் சூட்டில் பறித்தால் ஆலைக்குப் போவதற்குள் மணம் கெட்டுவிடும் என்பதால், இருட்டில் விளக்கு போட்டுக்கொண்டு இயந்திரங்கள் ஓடும். மதுரைப் பக்கத்தில் மல்லி மொட்டை விடியற்காலையிலேயே பறித்துச் சந்தைக்கு அனுப்புவதன் பின்னாலும் இதே நியாயம்தான் இருக்கிறது.

எனவே கடையில் பாட்டிலை எடுக்கும்போது மூன்று விஷயங்களை செக் பண்ண வேண்டும். வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் இருந்ததா? கார்க் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா? கழுத்துப் பகுதியில் ஒழுகிய கறை இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு பாட்டில் எடுப்பது நல்லது. திருகு மூடி போட்ட பாட்டில் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இளசாகக் குடிக்கும் வெள்ளை ஒயினுக்கு அது மிகப் பொருத்தமான மூடி.

டேஸ்ட் பண்ணுவது எப்படி?

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நான்கு படிகள், அவ்வளவுதான்.

1. குளிர்: லேசான வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரி சரியான குளிர். வீட்டு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் 4, 5 டிகிரியில் இருக்கும். அதனால், எடுத்த உடனே ஊற்றாமல் பத்து நிமிடம் வெளியே வைக்கலாம். ரொம்பக் குளிர்ந்திருந்தால் வாசனை வெளியே வராது. ஐஸ் போட்டால் தண்ணீர் கலந்துவிடும்.

2. கண்: கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் இருந்தால் வாசனை உள்ளேயே நிற்கும். வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பார்த்தால் இளம் ஒயின் வைக்கோல் நிறத்தில், சில சமயம் பச்சைச் சாயையோடு தெரியும்.

3. மூக்கு: கிளாஸை லேசாகச் சுழற்றி முகர வேண்டும். இங்கேதான் பலரும் பின்வாங்குகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் ‘கூஸ்பெர்ரி’, ‘எல்டர்ஃபிளவர்’ என்று பார்த்திராத பொருள்களின் பெயர்கள் வரும். அது தெரியாவிட்டால் நஷ்டமில்லை. எலுமிச்சைத் தோல், நார்த்தங்காய், கொய்யா, சோம்பு, மல்லிகை, ஈரமான கல் என்று தெரிந்த வாசனைகளோடு ஒப்பிட்டாலே போதும்.

4. நாக்கு: ஒரு சின்ன வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்க வேண்டும். நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் சுரந்தால் அமிலம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விழுங்கிய பிறகு சுவை எத்தனை நேரம் நிற்கிறது என்பதையும் பார்க்கலாம்.

அந்தப் புளிப்பு என்ன புளிப்பு?

“கெட்டுப்போச்சா?” என்ற முதல் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

திராட்சையில் இருக்கும் முக்கியமான அமிலம் டார்டாரிக். பழங்களில் இது அதிகம் இருப்பது அபூர்வம். அப்படி அதிகம் இருக்கும் இன்னொரு பழம் எது தெரியுமா? நம் வீட்டுப் புளி. ரசத்திலும் மீன் குழம்பிலும் தினமும் நாக்கில் படும் அதே அமிலம்தான் வெள்ளை ஒயினிலும் இருக்கிறது. ஆக, இந்தப் புளிப்பை எடைபோட மதுரை நாக்குக்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சி உண்டு. விலை கொடுத்து வாங்கியது இனிக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் புளித்ததால் வந்த அதிர்ச்சிதான் அந்த முகச் சுளிப்பு.

ஒயினில் மூன்று புளிப்புகளைப் பிரித்துப் பார்க்கலாம். ரசம் மாதிரி கூர்மையானது டார்டாரிக். பச்சை ஆப்பிளைக் கடித்தது போலிருந்தால் மாலிக். தயிர் போல மென்மையாக இருந்தால் லாக்டிக். சில ஒயின்களில் பாக்டீரியாவின் உதவியோடு ஆப்பிள் புளிப்பைத் தயிர்ப் புளிப்பாக மாற்றிவிடுவார்கள். அப்போது வெண்ணெய் போன்ற மணமும் வரும்.

நான்காவதாக ஒன்று உண்டு. வினிகர் வாடை. மூக்கைக் குத்தும் காடி நாற்றம் வந்தால் ஒயின் நிஜமாகவே கெட்டுவிட்டது. நனைந்து காயாத அட்டைப்பெட்டி போன்ற வாடை அடித்தால் கார்க் கோளாறு. இரண்டிலும் சோடா கலந்து பயனில்லை. கீழே ஊற்றிவிடலாம்.

பாட்டிலின் அடியில் சீனித் துகள் மாதிரி ஏதாவது மின்னினால் பயப்பட வேண்டாம். குளிரில் டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்திருக்கிறது. கண்ணாடித் துண்டும் இல்லை, கலப்படமும் இல்லை.

எந்தத் திராட்சை, எந்த வாசனை?

வெர்தெஹோ: மேலே சொன்ன ருவேதா பகுதியின் திராட்சை. பட்ஜெட்டில் ஆரம்பிக்க இதுதான் பாதுகாப்பான தேர்வு. சோம்பு, பச்சைப் புல், கொய்யா போன்ற மணம். விழுங்கிய பிறகு கடைசியில் லேசாக ஒரு கசப்பு எட்டிப் பார்க்கும். அது குறையல்ல, அந்தத் திராட்சையின் அடையாளம்.

வியூரா: மகபேயோ என்றும் பெயர். ரியோஹா பகுதியின் வெள்ளை ஒயினில் முக்கியப் பங்கு இதற்குத்தான். இளசாக இருந்தால் பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ வாசனை. அமெரிக்க ஓக் பீப்பாயில் இருந்திருந்தால் கொப்பரைத் தேங்காயும் வெனிலாவும் சேர்ந்த மணம். தேங்காய்ச் சட்னி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதை அடையாளம் காண ஒரு நொடி போதும்.

அல்பரீனியோ: வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரத்தில் மழை அதிகம் பெறும் ரியாஸ் பைஷாஸ் பகுதியில் விளைவது. எலுமிச்சைத் தோல், பீச் பழம், நாக்கின் முடிவில் லேசான உப்பு. இந்தப் பட்டியலில் விலை கூடியது இதுதான். ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, கருங்கல் தூண் நட்டு, தலைக்கு மேலே பந்தல் போட்டுக் கொடியை ஏற்றுகிறார்கள்.

காவா: வியூராவோடு சரேலோ, பரேயாடா ஆகிய திராட்சைகளும் சேரும் நுரைக்கும் ஒயின். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து, குறைந்தது 9 மாதம் வைத்திருப்பார்கள். ஷாம்பெயின் செய்யும் அதே முறை. விலை மட்டும் பல மடங்கு குறைவு.

மொஸ்கதெல்: தெற்கே மாலகா, கிழக்கே வலென்சியா, அலிகாந்தே பக்கம் விளையும் ‘மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா’ திராட்சையின் ஸ்பானிஷ் பெயர். மல்லிகை, பன்னீர் ரோஜா, பழுத்த திராட்சை என்று மணம் தூக்கலாக இருக்கும். புளிப்பு பிடிக்காதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். இனிப்பு, இனிப்பில்லாதது இரண்டு வகையும் உண்டு என்பதால் லேபிளைப் பார்த்து எடுக்க வேண்டும்.

கம்பத்தில் ஒரு சொந்தக்காரர்

மொஸ்கதெல்லுக்கு நம் பக்கத்திலேயே ஓர் உறவு இருக்கிறது. மதுரையிலிருந்து தேனி வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே கல்தூண் நட்டு, கம்பி கட்டி, பந்தலில் தொங்கும் கருநீலப் பன்னீர் திராட்சை ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்ற ரகம். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவான இந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று, மரபணுச் சோதனைகளின்படி, அதே மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. மாலகாவின் வெள்ளை மொஸ்கதெல்லும் கம்பத்தின் கறுப்புப் பன்னீரும் ஒரே குடும்பம்.

‘பன்னீர்’ என்ற பெயரும் சும்மா வரவில்லை. மஸ்கட் திராட்சைகளின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கிறது. லினலூல் மல்லிகையிலும் இருக்கிறது. ஒயின் நிபுணர்கள் மொஸ்கதெல்லுக்கு எழுதும் வர்ணனையை, நம் ஊர்க்காரர்கள் திராட்சைக்குப் பேர் வைக்கும்போதே ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்கக் காய்ப்பது இதன் பலம். பெரும்பாலும் பழமாகச் சாப்பிடவும் ஜூஸுக்கும்தான் போகிறது. ஸ்பெயினில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். வருடத்துக்கு ஒரு அறுவடை. அந்த ஒரே அறுவடையை வைத்துப் பழத்தின் சர்க்கரையும் புளிப்பும் சரியாக அமையும் நாளைத் தேடிப் பறிக்கிறார்கள். கம்பத்தில் கொடிக்கு உறக்கமே கிடையாது. அங்கே விவசாயியின் கணக்கு ஒயினின் அளவுகோலில் ஓடவில்லை, சந்தையில் அன்றைக்குக் கிலோ என்ன விலை என்பதில் ஓடுகிறது.

இந்திய வெள்ளை ஒயின் வேண்டும் என்பவர்களுக்கு நாசிக்கும் பெங்களூரு அருகே நந்தி மலைப் பக்கமும் இருக்கின்றன. செனின் பிளாங்க், சாவின்யோன் பிளாங்க் ரகங்கள் அங்கே தயாராகின்றன. 150 சதவீதச் சுங்க வரி இவற்றுக்கு இல்லை. கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், சில சமயம் இதுவே புத்திசாலித்தனமான தேர்வு.

கூட என்ன சாப்பிடலாம்?

மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. அதனால்தான் காரம் ‘எரிகிறது’. ஆல்கஹால் தூண்டுவதும் அதே ஏற்பியைத்தான். ஆகவே, காரமான கறி தோசையோடு ஒயின் குடித்தால் எரிச்சல் கூடுமே தவிரக் குறையாது. ஆல்கஹால் அளவு குறைந்த, லேசாக இனிப்புள்ள ஒயின் என்றால் கொஞ்சம் தாங்கும். சிவப்பு ஒயினில் துவர்ப்பும் சேர்ந்துகொள்வதால் அது இன்னும் சிரமம்.

வறுத்த வேர்க்கடலை, முறுக்கு, காரம் குறைத்த மீன் வறுவல், நெத்திலி ஃபிரை, இறால் தொக்கைவிட இறால் பெப்பர் ஃபிரை ஆகியவை பொருந்தும். உப்பும் எண்ணெயும் இருக்கும் இடத்தில் வெள்ளை ஒயினின் புளிப்பு எலுமிச்சை பிழிந்ததுபோல வேலை செய்யும். அயிரை மீன் குழம்போடு சேர்த்தால் புளிக்குப் புளி மோதும். குழம்பு ஜெயித்துவிடும், ஒயின் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு குடித்தால் எவ்வளவு?

‘ஒயின்தானே, ஒண்ணும் பண்ணாது’ என்பது தவறான நம்பிக்கை. 12.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினில் 150 மில்லி ஊற்றினால், அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு பாட்டிலில் சுமார் 75 கிராம். உடல் நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்லீரல் பாதிப்பு மட்டுமல்ல, புற்றுநோய் அபாயமும் இதில் அடக்கம். கர்ப்பிணிகள் ஒரு வாய்கூடத் தொடக் கூடாது.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு எண். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரே கிளாஸ் ஒயின் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். முதல் முறை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஏர்போர்ட் ரோட்டிலிருந்து ரிங் ரோடு வரை ‘பக்கத்துலதானே’ என்று பைக்கை எடுப்பது அந்தப் பாட்டிலின் விலையைவிட அதிகம் செலவு வைக்கும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்பதும் சட்டப்படி குற்றம்.

டேஸ்ட் செய்வதற்குப் பாட்டிலைக் காலி செய்ய வேண்டியதில்லை. நான்கு பேர் ஆளுக்கு 50 மில்லி எடுத்தால் போதும். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும்.

குடிப்பதில் விருப்பமே இல்லாதவர்களும் இந்த மூக்குப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம். ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை, அரை நார்த்தங்காய், ஒரு சிட்டிகை சோம்பு, கொஞ்சம் புளிக்கரைசல் எடுத்து வரிசையாக வைத்து, கண்ணை மூடி முகர்ந்தும் நாக்கில் தொட்டும் பார்த்தால் போதும். அடுத்த முறை யாராவது “புளிக்குது, கெட்டுப்போச்சா?” என்று கேட்டால், அது புளியின் புளிப்பா, காடியின் புளிப்பா என்று சொல்லிவிட முடியும்.

*மது அருந்துதல் உடல் நலத்துக்குத் தீங்கானது.*